நோய்நிலை உரைத்தல்

இவ்வாண்டுத் துறைமலருக்குக் கட்டுரையொன்று வேண்டுமென்று துறைத்தலைவர் அன்போடு கேட்டபோது, சீறாப்புராணத்திலிருந்தோ சிலப்பதிகாரத்திலிருந்தோ ஒரு பகுதியை எடுத்துக்கொண்டு நான் எழுதுவேன் என்றே அவர் எண்ணியிருப்பார். இத்துறையில் இருபத்தொன்பது ஆண்டுகள் பணியாற்றி ஓய்வுபெற்ற ஒருத்தியிடம் வேறெதனை எதிர்பார்ப்பது? ஆயினும் இம்முறை நூலை விடுத்து என் உடலைப் பற்றி எழுதத் துணிந்தேன். முடக்குவாதம் என்று மருத்துவரும், சரவாங்கி என்று நம் ஊராரும் வழங்கும் நோய் என்னோடு வாழத் தொடங்கி இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் ஆகின்றன. அந்நோய் எனக்குக் கற்பித்த பாடம், வகுப்பறையில் நான் கற்பித்த பாடங்களிற் சிலவற்றைவிட என் மாணவச் செல்வங்களுக்குப் பயன்படக்கூடும் என்று நம்புகிறேன்.

நூலை முற்றிலும் விட்டுவிட்டேன் என்றும் சொல்வதற்கில்லை. திருக்குறளில் மருந்து என்னும் தொண்ணூற்றைந்தாம் அதிகாரத்தின் இறுதிக் குறளை நாம் அனைவரும் அறிவோம். மருத்துவம் என்பது நான்கு உறுப்புகளை உடையது என்கிறார் வள்ளுவர். நோயுற்றவர், நோய் தீர்ப்பவர், மருந்து, அருகிருந்து பணிபுரிபவர் என்பன அந்நான்கு. இவ்வரிசையில் முதலிடம் மருத்துவருக்கும் இல்லை, மருந்துக்கும் இல்லை, நோயுற்றவருக்கே உரியது. இக்குறளுக்கு உரைகண்ட பரிமேலழகர், நோயுற்றவருக்கு வேண்டிய பண்புகளையும் நான்காக வகுத்துக் காட்டுகிறார். பொருள் வளம், மருத்துவர் காட்டிய வழியில் நிற்றல், தன் நோயின் நிலையை எடுத்துரைத்தல், மருந்தினால் வரும் துன்பத்தைப் பொறுத்தல் என்பன அவை. இவ்வுரைப் பகுதியை ஆண்டுதோறும் கரும்பலகையில் எழுதிப் பாடம் நடத்தினேன். மாணவர் தேர்வில் எழுதினர். நான் மதிப்பெண் இட்டேன். ஆயின் அந்நான்கனுள் மூன்றாவதை நானே கைக்கொள்ளாது பதினான்கு மாதங்கள் வாளாவிருந்தேன் என்பதுதான் என் கதையின் தொடக்கம்.

சுண்ணக்கட்டி நழுவிய காலை

1997 டிசம்பர் மாதம். எனக்கு அப்போது முப்பத்துநான்கு அகவை. ஒருநாள் காலை ஒளுச் செய்வதற்குக் குழாயைத் திருகினேன். விரல்கள் திருக மறுத்தன. குளிர்காலத்து விறைப்பு என்று எண்ணி வெந்நீரில் கையை வைத்துக்கொண்டேன். இரண்டு மணி நேரம் கழித்து விரல்கள் நெகிழ்ந்தன. மறுநாளும் அவ்வாறே நிகழ்ந்தது. அதற்கு மறுநாளும் அவ்வாறே. ஒரு திங்களுக்குள் சேலைக் கொசுவம் மடிப்பதும், தஸ்பீஹ் மணி உருட்டுவதும், பிள்ளைக்குச் சட்டைப் பொத்தான் இடுவதும் அரிய செயல்களாகிவிட்டன. வகுப்பில் பாடம் எழுதிக்கொண்டிருந்தபோது சுண்ணக்கட்டி என் கையிலிருந்து நழுவி விழுந்தது. முதல் வரிசை மாணவன் எழுந்து எடுத்துத் தந்தான், மீண்டும் விழுந்தது. அன்று முதல் எழுதுவதைக் குறைத்து, சொல்லிக் குறிப்பெடுக்கச் செய்யும் வழக்கத்தை மேற்கொண்டேன். அம்மா மிகவும் வேகமாகச் சொல்கிறார்கள் என்று மாணவர் முறையிட்டதாகக் கேள்வியுற்றேன். காரணத்தை அவர்களிடம் நான் சொல்லவில்லை.

மருத்துவரிடம் செல்லாமலும் இல்லை. எங்கள் பகுதியில் நற்பெயர் பெற்ற மருத்துவர் ஒருவரிடம் சென்றேன். அவர் அறையில் கூட்டம் எப்போதும் நிறைந்திருக்கும். என் கையைப் பார்த்தார். "கல்லூரி டீச்சர்தானே நீங்கள்? எழுதி எழுதி வந்த வலிம்மா இது" என்று சொல்லி, வலிநீக்கி மாத்திரைகள் எழுதித் தந்தார். விறைப்பு விடியலில் மட்டும் வருகிறது, இரண்டு கைகளிலும் ஒரே விரல்களில் வருகிறது, இரண்டு மணி நேரம் நீடிக்கிறது என்னும் மூன்று செய்திகளும் என் நாவின் நுனியில் இருந்தன. அவர் அடுத்த சீட்டை எடுத்துவிட்டார். நான் எழுந்து வந்துவிட்டேன். அம்மூன்று செய்திகளே இந்நோயைக் கண்டறிவதற்குரிய தலையாய அடையாளங்கள் என்பதைப் பின்னாளில் அறிந்தபோது, எழுந்து வந்த அந்த நொடியை எண்ணி எத்தனையோ இரவுகள் வருந்தியிருக்கிறேன்.

மூன்றாம் முறை சென்றபோது முடக்குவாதத்திற்குரிய இரத்தச் சோதனை ஒன்றைச் செய்வித்தார். நோய்க்கூறு இல்லை என்று முடிவு வந்தது. "உங்களுக்கு ஒன்றுமில்லை அம்மா, மனத்தை அலட்டிக்கொள்ளாதீர்கள்" என்றார். இந்நோயுடையோருள் நூற்றில் இருபது முதல் முப்பது பேருக்கு அச்சோதனை அவ்வாறே இல்லையென்று காட்டும் என்பதை நான் அப்போது அறியேன். சோதனைத் தாள் இல்லையென்றது. என் விரல்கள் உண்டென்றன. தாளை நம்பினேன். விரல்கள் பொய் சொல்கின்றனவோ, நானே வேலைக்கு அஞ்சி நோயைக் கற்பித்துக்கொள்கின்றேனோ என்றுகூட ஐயுற்றேன். நோயின் வலியைக் காட்டிலும் அவ்வையம் கொடியது.

பொறுமையும் மௌனமும்

நான் ஏன் பேசவில்லை? இவ்வினாவைப் பலமுறை என்னையே கேட்டிருக்கிறேன். நாற்பது மாணவர் முன்னிலையில் தயக்கமின்றிப் பேசும் ஒருத்தி, ஒரு மேசைக்கு எதிரே நாவற்றுப்போன காரணம் யாது?

ஆசிரியர்முன் எதிர்வினா எழுப்பலாகாது என்று நாம் வளர்க்கப்பட்டோம்; மருத்துவரையும் அவ்வரிசையில் வைத்தோம். கேள்வி கேட்டால் அவரை ஐயுறுவதாகப் பொருள்படும் என்று அஞ்சினேன். பெண்களின் நோவு வீட்டுவேலையோடு பிறந்தது என்னும் எண்ணம் ஊரில் மட்டுமன்று, என் உள்ளத்திலும் வேரூன்றியிருந்தது. இவற்றினும் ஆழமான காரணம் ஒன்றும் உண்டு. நோயைப் பிறரிடம் எடுத்துரைப்பது பொறுமைக்கு இழுக்கு என்று நான் நம்பியிருந்தேன். "ஸபுர் செய், மகளே" என்று என் உம்மா கூறிய சொல்லைத் தவறாகப் பொருள்கொண்டேன். பின்னாளில் ஒருநாள், நாங்கள் பெரிதும் மதிக்கும் ஆலிம் ஒருவரிடம் இதனைச் சொன்னபோது அவர் புன்னகைத்தார். "பொறுமைக்கு அய்யூப் நபியைவிடச் சான்று வேண்டுமா? அவர்கள்கூடத் தம் துன்பத்தை இறைவனிடம் வாய்விட்டு முறையிட்டார்கள் என்பதைத் திருமறை கூறவில்லையா? மருத்துவம் செய்துகொள்வது நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் காட்டிய வழி. மருத்துவரிடம் உள்ளதைச் சொல்வது முறையீடு அன்று, சாட்சியம். சாட்சியத்தை மறைக்கலாமா?" என்றார். பொறுமைக்கும் மௌனத்திற்கும் உள்ள வேறுபாடு அன்று எனக்குத் தெளிவாயிற்று.

அத்தெளிவு வருமுன் உடல் தன் விலையைக் கொண்டுவிட்டது. வலிநீக்கி மாத்திரைகளை நாளுக்கு மூன்றாக ஏறத்தாழ ஓராண்டு விழுங்கினேன். வலி குறைந்தது, நோய் குறையவில்லை. 1998 நவம்பரில் ஒருநாள் மலம் கரிய நிறமாயிற்று. தலை சுற்றிக் கீழே விழுந்தேன். இரைப்பையில் புண்ணாகி இரத்தம் கசிந்திருந்தது. இரண்டு குப்பி இரத்தம் ஏற்றினார்கள். வலிநீக்கி மாத்திரை அவ்வாறு செய்யக்கூடும் என்று எனக்கு ஒருவரும் சொல்லவில்லை. நானும் ஒருவரையும் கேட்கவில்லை.

வாப்பாவின் பேரேடு

என் வாப்பா ஒரு ஜவுளிக்கடையில் முப்பது ஆண்டுகள் கணக்கெழுதியவர். பள்ளிப்படிப்பு எட்டாம் வகுப்போடு நின்றது. மருத்துவமனைக் கட்டிலருகே அமர்ந்து என் கதை முழுவதையும் கேட்டார். மறுநாள் வரும்போது கடையில் பயன்படுத்தும் நீண்ட பேரேடு ஒன்றைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தார்.

"மகளே, கணக்கு இல்லாமல் போய் நின்றால் எந்த முதலாளியும் காதுகொடுக்கமாட்டார். 'வலிக்கிறது' என்றால் அது பேச்சு. எத்தனை மணிக்கு, எந்த விரலில், எவ்வளவு நேரம் என்று எழுதினால் அது கணக்கு. கணக்கைக் காட்டு. அதை யாரும் தள்ளமுடியாது."

பேனா பிடிக்க முடியாத நாட்களில் என் மூத்த மகள் எழுதினாள். எழுந்த நேரம், விரல் மடக்க முடிந்த நேரம், வீங்கிய மூட்டுகள், உண்ட மாத்திரை, உறக்கம் என ஐந்து பத்திகள். ஏழு வாரக் கணக்கு சேர்ந்தது. 1999 பிப்ரவரியில் அதனை எடுத்துக்கொண்டு வாப்பாவும் நானும் மதுரைக்கு இரயிலேறினோம். மூட்டுநோய் மருத்துவத்தில் தேர்ந்த மருத்துவர் ஒருவர் அங்கே இருந்தார். அவர் பேரேட்டை வாங்கி மெல்லப் புரட்டினார். என் இரு கைகளின் விரல்மூட்டுகளையும் ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தார். "இந்த நோட்டு என் வேலையில் பாதியைச் செய்துவிட்டது" என்றார். பின்னர் நோயின் பெயரைச் சொன்னார்.

என் உடலின் காவற்படையே என் மூட்டுகளைப் பகையெனக் கருதித் தாக்கும் நோய் இது. ஆண்களைவிடப் பெண்களை இரண்டு மூன்று மடங்கு மிகுதியாகப் பற்றுவது. முற்றிலும் நீங்குவதன்று, ஆயின் அடக்கி வைக்கக்கூடியது என்று அவர் விளக்கினார். எத்தனை விரைவில் மருத்துவம் தொடங்குகிறோமோ அத்தனைக்கு மூட்டுகள் பிழைக்கும் என்றும் கூறினார். நான் அழுதேன். கொடிய நோயொன்று இருப்பதாகக் கேட்டு ஒருத்தி ஆறுதலால் அழுவது வியப்பாகத் தோன்றலாம். பதினான்கு மாதங்கள் தன்னையே பொய்யள் என்று ஐயுற்றவளுக்கு அவ்வழுகை விளங்கும். என் வலக்கையின் இரண்டு விரல்கள் அதற்குள் கோணிவிட்டன. அவை இன்றளவும் நிமிரவில்லை.

மருத்துவ மேதை அர்ராஸி, தாம் கண்ட நோயாளரின் நிலைகளைக் குறிப்பெழுதி வைத்தவர் என்றும், அக்குறிப்புகளே அவர் மறைவுக்குப்பின் அல்ஹாவி என்னும் பெருநூலாகத் தொகுக்கப்பட்டன என்றும் நூல்களில் படித்திருந்தேன். எட்டாம் வகுப்புப் படித்த என் வாப்பா அந்நூலின் பெயரையும் அறியார். ஆயினும் எழுதி வைப்பதன் அருமையை இருவரும் ஒருங்கே உணர்ந்திருந்தனர் என்பது எண்ணி மகிழத்தக்கது.

வெள்ளிக்கிழமை மாத்திரை

மதுரை மருத்துவர் எனக்கு எழுதிய மருந்தின் பெயர் மெத்தோட்ரெக்சேட். அதன் வரலாற்றில் நம் மண்ணுக்கும் ஒரு தொடர்பு உண்டு. 1895-இல் பீமவரத்தில் பிறந்து சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்ற எல்லப்பிரகட சுப்பாராவ், கதராடை உடுத்தமையால் பேராசிரியர் ஒருவரின் சினத்திற்கு ஆளாகி, முழுப்பட்டம் பெறாது எல்.எம்.எஸ். சான்றோடு வெளியேறியவர். அமெரிக்கா சென்று, மருந்து ஆய்வகமொன்றின் தலைமையேற்றார். அவர்தம் குழுவினர் 1945-இல் போலிக் அமிலம் என்னும் உயிர்ச்சத்தைச் செயற்கையாக ஆக்கினர். அச்சத்தின் வேலையைத் தடுக்கும் மருந்துகளையும் ஆக்கினர். அவ்வாறு வந்ததே மெத்தோட்ரெக்சேட். முதலில் புற்றுநோய்க்குப் பயன்பட்டது. 1988-இல் அமெரிக்க அரசு அதனை முடக்குவாதத்திற்கும் ஏற்றது. இன்று நான் வாரத்தில் ஒருநாள் மெத்தோட்ரெக்சேட்டும், அதன் தீங்கைத் தணிக்க வேறொருநாள் போலிக் அமிலமும் உண்கிறேன். பகையும் மருந்துமாகிய இரண்டும் ஒரே ஆய்வகத்திலிருந்து என் மேசைக்கு வந்தவை.

வாரத்தில் ஒருநாள் என்பதை மாணவச் செல்வங்கள் நினைவிற் கொள்ள வேண்டும். நாள்தோறும் உண்டால் வாய் புண்ணாகும். எலும்பு மச்சை இரத்த அணுக்களை ஆக்குவதை நிறுத்தும். உயிருக்கே இறுதி நேரும். மறவாதிருக்கும் பொருட்டு நான் வெள்ளிக்கிழமையைத் தேர்ந்துகொண்டேன். ஜும்ஆ நாளை யார் மறப்பர்? எங்கள் வீட்டில் அதற்கு வெள்ளிக்கிழமை மாத்திரை என்றே பெயர்.

2006-இல் பித்தப்பைக் கல்லுக்காக அறுவை மருத்துவம் செய்துகொள்ள வேறொரு மருத்துவமனையில் தங்கியிருந்தேன். நான் உண்டுவரும் மருந்துகளைச் சேரும்போதே சொல்லியிருந்தேன். மூன்றாம் நாள், செவ்வாய்க்கிழமை மாலை, செவிலியர் ஒருவர் சிறு கிண்ணத்தில் மாத்திரைகள் கொண்டுவந்தார். அவற்றுள் நான்கு சிறிய மஞ்சள் மாத்திரைகளைக் கண்டேன்.

"இது வெள்ளிக்கிழமை மாத்திரை அம்மா. இன்று செவ்வாய்" என்றேன்.

"சீட்டில் தினமும் என்றுதான் எழுதியிருக்கிறது. டாக்டர் எழுதினது. போட்டுக்கோங்கம்மா" என்றார். அவர்மேல் குற்றமில்லை. முப்பது கட்டில்களுக்கு அவர் ஒருவரே அன்று பணியில் இருந்தார்.

பழைய நானாக இருந்திருந்தால் விழுங்கியிருப்பேன். அன்று என் கைகள் நடுங்கின, குரலும் நடுங்கியது. "உங்களை நான் குறை சொல்லவில்லை. டாக்டரை ஒருமுறை கேட்டுவிடுங்கள். அவர் சொல்லும்வரை இதை உண்ணமாட்டேன்" என்றேன். அடுத்த கட்டில் பெண்மணி, "படித்தவர்கள் இப்படித்தான்" என்று முணுமுணுத்தது காதில் விழுந்தது. ஒரு மணி நேரத்திற்குப்பின் இளம் மருத்துவர் ஒருவர் வந்தார். மதுரைச் சீட்டை என் பையிலிருந்து எடுத்துக் காட்டினேன். அவர் முகம் வெளுத்தது. வாரம் என்பதை நாள் என்று பெயர்த்தெழுதியிருந்தார்கள். அவர் தாமே திருத்தினார். "நல்லவேளை கேட்டீங்கம்மா" என்று கைகூப்பினார். அக்கைகூப்புதலை நான் வெற்றியாகக் கருதவில்லை. ஒரு சொல்லால் எனக்கும் அவருக்கும் அன்று நேரவிருந்த பெருந்துன்பம் நீங்கியது என்றே கருதினேன்.

நான் செய்த பிழை

பேசக் கற்றுக்கொண்டேன் என்று பெருமிதம் கொள்ளும்போதெல்லாம் 2010-ஆம் ஆண்டு என் நினைவில் வந்து நிற்கும். உறவினர் ஒருவர் பெயரும் முகவரியும் ஒட்டாத குப்பியில் ஒரு பொடி கொண்டுவந்தார். மூன்று மாதத்தில் நோயே இராது என்றார். ஆசை யாரை விட்டது? வெள்ளிக்கிழமை மாத்திரையை நிறுத்திவிட்டுப் பொடியை உண்டேன். முதல் ஒரு மாதம் மிகவும் நலமாயிருந்தது. இத்தகைய பெயரற்ற பொடிகள் சிலவற்றில் ஸ்டீராய்டு மருந்தைக் கலந்து விற்பதுண்டு என்பது பின்னர் அறிந்த செய்தி. பொடி தீர்ந்ததும் நோய் பாய்ந்து வந்தது. முழங்காலும் வீங்கியது.

மருத்துவரிடம் சென்றேன், பொடியைப் பற்றி வாய் திறக்கவில்லை. மருந்து தோற்றுவிட்டது என்று அவர் எண்ணி, அளவை உயர்த்தி, மற்றொரு மருந்தையும் சேர்த்து எழுதத் தொடங்கினார். சீட்டை வாங்கிக்கொண்டு கதவுவரை சென்றேன். பரிமேலழகர் என்னைத் தடுத்தார் என்றே சொல்ல வேண்டும். திரும்பி வந்து உண்மையைச் சொன்னேன். கடிந்துகொள்வார் என்று எதிர்பார்த்தேன். அவர் எழுதிய சீட்டைக் கிழித்தார். "நீங்கள் சொல்லாமல் போயிருந்தால், வேண்டாத மருந்தைக் கொடுத்த பழி என்னைச் சேர்ந்திருக்கும். என்னிடம் கேள்வி கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. உண்மை கேட்க எனக்கும் உண்டல்லவா?" என்றார். அன்று பெற்ற நாணம் பெரிது. பயன் அதனினும் பெரிது. தகுதிபெற்ற சித்த மருத்துவரிடம் செல்வதை நான் குறைகூறவில்லை. பாளையங்கோட்டையில் அதற்கென அரசுக் கல்லூரியே உள்ள நெல்லைச் சீமையைச் சேர்ந்தவள் நான். எதை உண்டாலும் அதை உண்பதாக இரு மருத்துவரிடமும் சொல்லிவிட வேண்டும் என்பதே என் கருத்து.

நோன்புக் காலத்திலும் இதனையே கடைப்பிடிக்கிறேன். ரமலானுக்கு ஒரு மாதம் முன்பே மருத்துவரிடம் சென்று, நோன்பு நோற்கலாமா, எந்த மாத்திரையை ஸஹருக்கும் எதனை இஃப்தாருக்குப் பின்னும் மாற்றலாம் என்று கேட்பேன். சில ஆண்டுகள் நோற்கலாம் என்றார். சில ஆண்டுகள் வேண்டாம் என்றார். வேண்டாம் என்ற ஆண்டுகளில் மனம் வருந்தினேன். நோயாளிக்கு இறைவன் தந்த சலுகையை மறுப்பதும் நன்றி மறத்தலே என்று ஆலிம் தேற்றினார். நாற்காலியில் அமர்ந்து தொழுவதைக் கண்டு உறவினர் சிலர் கேட்ட கேள்விகளுக்கும் இப்போது அமைதியாக விடை சொல்லக் கற்றிருக்கிறேன்.

எண்ணூறும் முந்நூறும்

படித்தவளுக்கு இவையெல்லாம் எளிது, படியாதவர் என் செய்வர் என்று கேட்கலாம். அக்கேள்விக்கு எனக்கு விடை தந்தவர் எங்கள் தெருவில் பீடி சுற்றும் ஒரு சகோதரி. அவருக்குக் கையெழுத்திடவும் தெரியாது. 2014-இல் அவர் விரல்களும் விடியலில் விறைத்தன. அரசு மருத்துவமனைக்கு அவரோடு உழைச்செல்வாராக நான் சென்றேன். வரிசை நெடியது. எங்கள் முறை வந்தபோது, அவருக்காகப் பேசுவதற்கு நான் வாய் திறந்தேன். அவர் என் கையைப் பற்றி நிறுத்தினார்.

"டாக்டரம்மா, முன்னாடி ஒரு நாளைக்கு எண்ணூறு பீடி சுத்துவேன். ஆறு மாசமா முந்நூறு தாண்டலை. காலையில வெயில் வாசலுக்கு வர்றவரைக்கும் இலையை வெட்டவே கத்தரி பிடிக்க வராது. லுஹருக்குப் பொறவுதான் கை ஓடும்" என்றார்.

அம்மருத்துவர் எழுதுகோலைக் கீழே வைத்துவிட்டு அவர் கைகளைத் தம் கைகளில் எடுத்துக்கொண்டார். அன்றே உரிய சோதனைகளுக்கு எழுதினார். என் ஐந்து பத்திப் பேரேடு சொன்னதை அச்சகோதரி நான்கு வாக்கியங்களில் சொல்லிவிட்டார். பரிமேலழகர் கூறிய நான்கனுள் முதலாவதாகிய பொருள் வளம் அவரிடம் இல்லை, மூன்றாவது நிறைந்திருந்தது. பதினான்கு மாதங்கள் நான் இழந்ததை அவர் ஆறு மாதத்தில் நிறுத்திவிட்டார். மாதங்கள் சில சென்றபின் ஒருநாள் தெருவில் என்னை மறித்து, "டீச்சரம்மா, நேத்து அறுநூறு" என்றார். அதைவிட இனிய மருத்துவ அறிக்கையை நான் படித்ததில்லை.

மாணவச் செல்வங்களுக்கு

நீடித்த நோயாளர் இல்லாத வீடு இன்று அரிது. நீரிழிவோ, இரத்தக் கொதிப்போ, சிறுநீரக நோயோ, ஆஸ்துமாவோ ஏதேனுமொன்று இருக்கும். உங்கள் உம்மாவோ வாப்பாவோ மருத்துவரிடம் செல்லும்போது நீங்கள் உடன்செல்லுங்கள். வீட்டிலேயே அவர்தம் குறைகளைக் கேட்டு, தலையாய மூன்றை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். முதன்மையானதை முதலில் சொல்லச் செய்யுங்கள். எனக்குள்ள நோய் யாது, இந்த மருந்து எதற்கு, எப்படி உண்பது, இதனால் வரக்கூடிய தீங்கு யாது, எந்நிலையில் உடனே திரும்பி வரவேண்டும் என்று பணிவோடு கேளுங்கள். சொன்னதை உங்கள் சொற்களில் திருப்பிச் சொல்லிச் சரிதானா என்று உறுதிசெய்து கொள்ளுங்கள். பழைய சீட்டுகளையும் சோதனைத் தாள்களையும் தேதி வரிசையில் ஒரே உறையில் வையுங்கள். விரும்பிய மருந்தை உண்பதும், வெறுத்ததை மருத்துவருக்குத் தெரியாமல் நிறுத்துவதும் உரிமையாகா. ஸ்டீராய்டு மாத்திரையைத் திடீரென நிறுத்துவது பெருங்கேடு என்பதையும் மறவாதீர்.

சட்டமும் நம் பக்கம் உண்டு. மருத்துவக் குறிப்பேடுகளை நோயாளி கேட்டால் 72 மணி நேரத்திற்குள் தரவேண்டும் என்று 2002-ஆம் ஆண்டின் மருத்துவ மன்ற நெறிமுறை கூறுகிறது. மருந்துச் சீட்டைத் தெளிவாக, இயன்றவரை பெரிய எழுத்துகளில், மருந்தின் பொதுப்பெயரால் எழுதவேண்டும் என்று அந்நெறிமுறையில் 2016-இல் திருத்தம் செய்தனர். தேசிய மனித உரிமை ஆணையம் 2018-இல் வகுத்த நோயாளர் உரிமைச் சாசனம், நோயைப் பற்றி அறியும் உரிமையையும் இரண்டாம் மருத்துவரின் கருத்தை நாடும் உரிமையையும் எடுத்துரைக்கிறது. இவற்றை அறிந்திருப்பது நன்று. ஆயின் இவற்றை வாளாக ஏந்திச் செல்ல வேண்டியதில்லை. என் வாழ்வில் சட்டத்தை எடுத்துக்காட்ட நேர்ந்ததில்லை. கணக்கை எடுத்துக்காட்டியதே போதுமாயிற்று.

உங்களுள் சிலர் நாளை மருந்தகத்திலோ மருத்துவமனை அலுவலகத்திலோ அமரக்கூடும். உங்கள் பிள்ளைகள் மருத்துவராகவும் கூடும். மேசைக்கு எதிரே ஒருவர் எழுந்துசெல்லத் தயங்கி நின்றால், "இன்னும் ஏதாவது சொல்லவேண்டுமா?" என்று கேளுங்கள். 1998-இல் அவ்வொரு கேள்வி எனக்குக் கிடைத்திருந்தால், இக்கட்டுரையை நானே என் கையால் எழுதியிருப்பேன். கோணிய விரல்கள் இரண்டு பக்கங்களுக்குமேல் ஒத்துழையாமையால், நான் சொல்லச் சொல்ல என் பெயர்த்தி எழுதிக்கொண்டிருக்கிறாள். வாப்பாவின் பேரேடு அவளருகே மேசைமேல் இருக்கிறது. அதன் இறுதிப் பக்கங்கள் இன்னும் எழுதப்படாமல் உள்ளன.

நோயுற்றோர் அனைவருக்கும் இறைவன் நலத்தையும், நலத்தை நாடிப் பேசும் நாவையும், அதனைக் கேட்கும் செவியுடையாரையும் அருள்வானாக.